பாதி வெளுத்த தண்ணீர்

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. குடிநீர் நிலையத்து ஆய்வகத்தில் இத்தனை வருடமாக வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளியவர்தான் நம்ம கெமிஸ்ட். காலையில் வருவார், தண்ணீரை எடுப்பார், அளப்பார், அளந்ததை மேலே அனுப்புவார். மேலே போனது மேலேயே இருந்துவிடும். இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு ஜீவன் இறங்கி வந்து அவரைக் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெரிய மனக்குறை. அந்த மனக்குறையையும் யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு நிலையத்தில் கூட்டம். வாரியத் தலைவி அம்மா வந்திருந்தார். குழாயில் டீத்தண்ணி வருகிறது என்று ஊரே அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஊர் சொன்னதில் பொய் இல்லை. மேலே காட்டுக்குள் இருக்கிற ஏரியில் வருடக்கணக்காக இலைச் சருகு விழுந்து ஊறி, அந்தச் சாறு தண்ணீரில் கரைந்து வருகிறது. நிறம் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தப் பழுப்போடு குளோரின் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாத சில சமாச்சாரங்கள் உண்டாகும். சீஃப் இன்ஜினியர் எழுந்து திரையில் படம் போட்டுக் காட்டினார். நிலையத்துக்குள் இருக்கிற பழைய திறந்த குளத்தை மண்ணடித்து மூடிவிடுவது, அந்த இடத்தில் மருந்துத் தொட்டிகள் கட்டித் தண்ணீரை வெளுப்பது, மீதி இடத்தில் குடோன். எல்லோரும் தலையாட்டினார்கள். கெமிஸ்டும் வழக்கம்போலத் தலையாட்டியிருக்க வேண்டும். என்ன கெட்ட நேரமோ, வாய் திறந்துகொண்டது.

“குளத்தை மூட வேணாங்க. தண்ணிய அதுல கொஞ்ச நாள் நிக்க விட்டா வெயிலே வெளுத்துடும்.”

நாற்காலி பேசிவிட்ட மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எப்படி?” என்றார் தலைவி அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மனிதர் இத்தனை வருடம் காத்துக் கிடந்தார்! பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பழுப்பு பூரா இலையோட சாறும்மா. பெரிய பெரிய மூலக்கூறு, பின்னிக்கிட்டுக் கிடக்கும். வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு இருக்கு, புறஊதாக் கதிர்னு. அதை இந்தப் பழுப்பு உறிஞ்சிக்கும். உறிஞ்சிக்கிட்டு அதுவே துண்டு துண்டா உடைஞ்சிடும். உடைஞ்சா நிறம் போயிடும். கொஞ்சம் வாயுவா மேல போயிடும், மிச்சத்தை நுண்ணுயிர் தின்னுடும். கொடியில காயப்போட்ட கலர்த்துணி சாயம் போகுதுல்ல, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.”

“அப்ப மருந்தே வேணாமா?”

“வேணாம்மா. கண்ணாடி மாதிரி ஆயிடும்.”

கண்ணாடி மாதிரியாம். யாராவது கேட்டார்களா? ‘ஓரளவு குறையும்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் வாராது வந்த சந்தர்ப்பத்தில் ஓரளவு என்று யார் சொல்வார்கள்?

“சரி, கோடை முடியறதுக்குள்ள காட்டுங்க” என்றார் தலைவி அம்மா. “நீங்க சொன்னபடி வெளுத்துச்சுன்னா குளம் அப்படியே இருக்கட்டும்.”

“வெளுக்கலைன்னா லாரி வந்துடும், கெமிஸ்ட்” என்றார் சீஃப், சிரித்துக்கொண்டேதான். அவருக்குக் குடோன் மேல் அவ்வளவு ஆசை.

வெளியே வந்து குளத்தருகே நின்றபோதுதான் தான் சொன்னது என்னவென்று கெமிஸ்டுக்கு உறைத்தது. பெரிய குளம். ஏரித் தண்ணீர் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் இங்கேதான் மூச்சு வாங்கும். மதியச் சாப்பாட்டை அதன் கரையில் உட்கார்ந்து தின்றுதான் அவருக்குப் பழக்கம். இப்போது அது இருப்பதும் போவதும் அவருடைய வாயில் தொங்கியது.

ஆய்வகத்தின் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு நீளமான தாங்கி வைத்தார்கள். ஏரித் தண்ணீரை வடிகட்டி, அதில் ஒரு கிருமிகூட இல்லாமல் செய்து, குழாய்களில் நிரப்பி வரிசையாகப் படுக்க வைத்தார்கள். சாதாரணக் கண்ணாடிக் குழாய் ஆகாது. வெயிலில் வேலை செய்கிற பங்கைக் கண்ணாடி பாதி வழியிலேயே தடுத்துவிடும். அதை அப்படியே உள்ளே விடுகிற குவார்ட்ஸ் குழாய்தான் வேண்டும். அதை வாங்க அவர் ஸ்டோர்காரரிடம் கெஞ்சிய கெஞ்சலைத் தன் கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோதுகூட மாமனாரிடம் கெஞ்சியதில்லை. சில குழாய்களுக்கு மட்டும் வெள்ளித் தாள் சுற்றினார்கள். வெயில் படாதது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது.

கூட வேலை செய்தது ஆய்வக டெக்னீஷியன். முப்பது தாண்டிய பெண்மணி, எதற்கும் ஒரு சந்தேகம் கேட்பார் என்பதால் நிலையமே அவரை டவுட் மேடம் என்றுதான் கூப்பிடும். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

“சார், ராத்திரி நிலா வெளிச்சம் படுமே, அதுக்கு என்ன பண்றது?”

“நிலாவுக்கும் ஒரு குடை பிடிங்க மேடம்.”

“இல்ல சார், ஒரு டவுட்டு, அதான்.”

எல்லாம் சரியாகத்தான் ஆரம்பித்தது. சரியாக இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கெமிஸ்டின் தோல்.

கொஞ்ச நாளாக அவர் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து தடித்துவிடும். மாடியில் முதல் நாள் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனபோது முகமும் முழங்கையும் வேகவைத்த மாதிரி இருந்தன. அவர் மனைவி தோல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

“வெயில் ஊரையே காப்பாத்தும்னு கூட்டத்துல பேசினீங்களாமே? உங்களைக் காப்பாத்தலையே!”

மறுநாள் காலையில் ஒரு பெரிய டியூபைக் கையில் திணித்தாள். வெயில் கிரீம், ரோஜா வாசனை. சும்மா தடவக் கூடாதாம், அப்பணுமாம். கழுத்து, காது, கை, விரல் நுனி வரைக்கும். இதைப் போடாமல் மாடி ஏறினால் மாத்திரையையும் மாற்றி, மாடியையும் நிறுத்திவிடுவேன் என்றாள். அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது.

போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று மூக்குக்கண்ணாடி போட்டு நின்றது. இந்த மூஞ்சியோடு ஆபீசுக்குள் போவதா? வெயிலைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்த ஆளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் மானம் கப்பலேறாதா? சீஃப் காதில் விழுந்தால் குடோன் திறப்பு விழாவரைக்கும் சொல்லிச் சிரிப்பார். அதனால் தினமும் மாடிப்படி ஏறும்போது, யாரும் பார்க்காத திருப்பத்தில் நின்று, பையிலிருந்து கர்ச்சீஃப் எடுத்து முகத்தில் மேலோட்டமாக நிற்கும் வெள்ளையை ஒற்றி எடுத்துவிடுவார். உள்ளே ஊறியது ஊறினபடி இருக்கும், பார்க்கிறவனுக்குத் தெரியாது. தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

மாடிக்கு வந்ததும் முதல் வேலை குழாய்களைத் துடைப்பது. நிலையத்தைச் சுற்றி மண் ரோடு. ஒரு லாரி போனால் குழாய்கள் மேல் செம்மண் தூசி படிந்துவிடும். தூசி படிந்தால் வெயில் எப்படி உள்ளே போகும்? டவுட் மேடம் துடைக்க வந்தால் விடமாட்டார். நீங்க கீறல் போட்டுடுவீங்க என்பார். ஒவ்வொரு குழாயாகக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பி, அதே கர்ச்சீஃபால் அழுத்தித் துடைத்து வைப்பார். தொட்டிலில் இருந்து குழந்தையை எடுத்து முகம் துடைத்துத் திரும்பப் போடுகிறவர் மாதிரி. கடைசிக் குழாய் ஒன்றை மட்டும் துடைக்கவில்லை. அது தண்ணீர்த் தொட்டியின் பைப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. எட்டிக் குனிந்தால் தொப்பை சுவரில் இடித்தது. ஒரு குழாய்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

தண்ணீர் வெளுக்கவில்லை.

முதல் வாரம், அவசரப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமும் டீ டீயாகவே இருந்தது. நல்ல கோடை, தார் ரோடு இளகி ஓடுகிற வெயில், நிழலில் நின்றாலே கண்ணைக் கூசியது. அந்த வெயிலில் தண்ணீர் அசையவே இல்லை. தாள் சுற்றிய குழாய்க்கும் சுற்றாத குழாய்க்கும் வித்தியாசம் தேட மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. தூசிதான் மறைக்கிறது என்று முடிவு கட்டினார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். காலையில் ஒரு தடவை துடைத்தது போய் மத்தியானமும் துடைத்தார். கவலை கூடக்கூடத் துடைப்பும் கூடியது.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். “கண்ணாடி மாதிரின்னு ஏன்டா சொன்ன?” என்று தன்னையே திட்டிக்கொண்டார். குளத்தைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார், கடன்காரன் வீட்டைத் தாண்டுகிற மாதிரி.

முடிவைக் காட்டவேண்டிய கூட்டத்துக்கு முந்தின நாள் குழாய்களை இறக்கினார்கள். டவுட் மேடத்துக்குக் கை நீளம். பைப்புக்கு அந்தப் பக்கம் விட்டு அந்தக் கடைசிக் குழாயை உருவி எடுத்தார். அது செம்மண் பூசிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது. கீழே கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்து ஜன்னலோரம் நீட்டினார்.

“சார், இது என்ன சார் இப்படி?”

உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்றே முதலில் சந்தேகம் வந்தது. அவ்வளவு தெளிவு. மிச்சக் குழாய்கள் எல்லாம் டீ; இது ஒன்று மட்டும் நிறமே இல்லாத தண்ணீர். கருவியில் வைத்து அளந்தார். நிறம் கிட்டத்தட்ட முழுக்கப் போயிருந்தது. கெமிஸ்ட் இன்னொரு தடவை அளந்து பார்த்தார்.

தினம் துடைத்தது வெளுக்கவில்லை, தூசியில் கிடந்தது வெளுத்திருக்கிறது. அப்படியென்றால்? அப்படியென்றால் தூசிதான்! செம்மண் தூசியில் இரும்பு இருக்கிறது. இரும்பும் வெயிலும் சேர்ந்தால் பழுப்பு இன்னும் வேகமாக உடையும். அது புத்தகத்திலேயே இருக்கிற சங்கதி.

“சார், ஒரு டவுட்டு. தூசி வெளியதானே இருந்துச்சு?”

“மூடியைப் பாருங்க மேடம், லூசா இருக்கு. என் கை எட்டலை, அதனால சரியா இறுக்கலை. உள்ள இறங்கியிருக்கு.” அடியில் நிஜமாகவே பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. “இதைத்தான் கண்டுபிடிப்புங்கிறது. தேடிப் போனா கிடைக்காது, தானா வந்து மடியில விழும்.”

ஒரு கணம்கூடப் பொறுக்கவில்லை. சீஃப்புக்குப் போன் போட்டார். செம்மண் தூசி, இரும்பு, வெயில் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். சீஃப்புக்கு மற்றதெல்லாம் புரிந்ததோ என்னவோ, தூசிக்கு விலை கிடையாது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

“யோவ் கெமிஸ்ட், பெரிய ஆளுய்யா நீங்க! செங்கல் சூளையில பேசினா லாரி லாரியா சும்மாவே தருவான். நான் இப்பவே அம்மாகிட்ட சொல்லிடறேன். எல்லாக் குழாயையும் வரிசையா வெச்சு ஒரு போட்டோ அனுப்புங்க.”

குழாய்களைக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக அடுக்கினார்கள். நடுவில் ராஜா மாதிரி அந்தத் தெளிந்த குழாய். கெமிஸ்ட் போனைத் தூக்கிப் பிடித்தார். மனசுக்குள் அதற்குள் மாலை மரியாதையெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வானம் லேசாகத் தூறியது.

போன் திரையில் குழாய்களைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நடுக் குழாய் மேல் விழுந்த தூறல் ஒரே ஈரமாகப் பரவி வழிந்தது. மற்ற குழாய்கள் மேல் விழுந்தது பரவவில்லை. முத்து முத்தாக உருண்டு நின்றது.

தண்ணீர் உருண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். கெமிஸ்ட்ரியில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஒரு குழாயை எடுத்து விரலால் தேய்த்தார். வழுக்கியது. மோந்து பார்த்தார்.

ரோஜா.

“என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

பையிலிருந்து கர்ச்சீஃபை எடுத்து மோந்து பார்த்தார். அதுவும் ரோஜா. ஆய்வகத்துக்கு ஓடினார். கழுவிய குழாய் ஒன்றை அந்தக் கர்ச்சீஃபால் தினமும் துடைக்கிற மாதிரியே துடைத்து ஒளி அளக்கும் கருவிக்குள் வைத்தார். புறஊதாக் கதிர் அந்தப் பக்கம் அநேகமாக வரவே இல்லை. வராமல் தடுக்கத்தானே அந்தக் கிரீமைச் செய்திருக்கிறான்! பாவம், குவார்ட்ஸ் வாங்கக் கெஞ்சிக் கூத்தாடிவிட்டு, வாங்கிய குவார்ட்ஸுக்கு வேளா வேளைக்கு வெயில் கிரீம் பூசி, வெயில் படாமல் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறார் மனிதர். துடைக்காத ஒரே குழாய் அவருடைய தொப்பையின் புண்ணியத்தில் தப்பித்திருக்கிறது; தூசியின் இடுக்கு வழியாகவாவது வெயில் உள்ளே போயிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்தார். கோடையின் நல்ல வெயில் முழுக்கப் போய்விட்டது. நாளைக்குக் கூட்டம். சீஃப் இதற்குள் தலைவி அம்மாவிடம் சொல்லியிருப்பார்.

வீட்டுக்குப் போனதும் கோபம் முழுக்க மனைவி மேல் திரும்பியது.

“எல்லாம் உன் கிரீமாலதான்! என் சோதனையே நாசமாப் போச்சு!”

அவள் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். “ஏங்க, நான் உங்க மூஞ்சிக்குத்தானே பூசச் சொன்னேன்? குழாய்க்கு யார் பூசச் சொன்னா?”

அவர் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

“கர்ச்சீஃபால ஏன் துடைச்சீங்க? மூஞ்சிலேர்ந்து ஏன் எடுத்தீங்க?”

“வெள்ளையாத் தெரிஞ்சுது.”

“அடக் கடவுளே! இந்த அழகை யார் பார்க்கப் போறாங்கன்னு?” சிரிக்க ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “சரி, நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?”

அதைத்தான் அவரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். தூசி என்றே விட்டுவிடலாம். சீஃப்புக்குச் சந்தோஷம், தலைவி அம்மாவுக்குச் சந்தோஷம், குளமும் பிழைக்கும், தனக்கும் பேர். ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லை என்று அவளிடமே சொல்லியும் பார்த்தார்.

“தூசியை எங்க போடுவாங்க?” என்று கேட்டாள் மனைவி.

“குளத்துலதான்.”

“நாம குடிக்கிற தண்ணியிலயா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். 

மறுநாள் கூட்ட அறையில் ஒரு சாக்கு செம்மண் தூசி மாதிரிக்கு வந்து மேசைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தூரமான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார் கெமிஸ்ட். சீஃப் எழுந்து, நம்ம கெமிஸ்ட் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடிச்சிருக்கார், எல்லாம் நம்ம நிலையத்துலேயே என்று தன்னையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பேசி, கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்காக யாரும் கைதட்டியதில்லை. அந்தச் சத்தம் முடிகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த அளவுக்கு ஆசை இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“தூசி இல்லீங்க” என்றார். “என் மூஞ்சி கிரீம்.”

யாருக்கும் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னார். மாத்திரை, தடிப்பு, கிரீம், மாடிப்படித் திருப்பம், கர்ச்சீஃப், தொப்பை, ஒன்றையும் விடவில்லை. தொப்பை வந்தபோது மூலையில் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. தலைவி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காத ஒரே ஆள் சீஃப்.

“என்னய்யா விளையாடறீங்களா? நேத்து தூசின்னீங்க, நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப கிரீமுங்கிறீங்க!”

“நேத்து அவசரப்பட்டுட்டேன் சார். தப்பு என் மேலதான்.”

தலைவி அம்மா கையைக் காட்டி அமர்த்தினார். “இருங்க, இருங்க. கெமிஸ்ட், ஒண்ணு சொல்லுங்க. கிரீம் படாத குழாய் வெளுத்துடுச்சுல்ல? அப்ப நீங்க முதல்ல சொன்னது சரிதானே? வெயில் வெளுத்துடுச்சு. அது போதும்ல?”

 எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ‘போதும்மா’ என்று சொன்னால் போதும். குளம் பிழைத்தது. இவ்வளவு அசிங்கப்பட்டதற்குப் பிறகும் ஜெயித்த ஆளாக வெளியே போகலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

“போதாதும்மா” என்றார். “அந்தக் குழாய் மூடி லூசா இருந்துச்சு. உள்ள தூசி போயிருக்கு, கிருமியும் போயிருக்கலாம். வெளுத்தது வெயிலா, தூசியா, கிருமியான்னு ஒரே ஒரு குழாயை வெச்சுச் சொல்ல முடியாது. வெயில்தான்னு நான் நினைக்கிறேன். ஆனா நான் நினைக்கிறதை நம்பி ஊருக்குத் தண்ணி குடுக்கக் கூடாது. நேத்தும் நான் நினைக்கத்தான் செஞ்சேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தவருக்குத் தன்னை ஒரு அறை அறைந்தால் என்ன என்று இருந்தது. சீஃப் தன் குடோன் படத்தை மறுபடியும் திரையில் போட எழுந்தார்.

தலைவி அம்மா மூக்குக்கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, “மறுபடியும் பண்ணுங்க” என்றார்.

“கோடை முடியப் போகுதும்மா” என்றார் சீஃப். “வானம் இப்பவே மூடுது.”

“இருக்கிற வெயில்ல பண்ணட்டும். என்ன வருதோ அதை வெச்சு முடிவு பண்ணிக்கலாம், அதுக்கு மேல நாள் கிடையாது.” கெமிஸ்டைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு. குழாயை நீங்க தொடக் கூடாது.”

மறுபடியும் சிரிப்பு. கெமிஸ்டும் சிரித்தார். அழுவதைவிட அது சுலபமாக இருந்தது.

இரண்டாவது சோதனை டவுட் மேடம் கையில். கெமிஸ்ட் மாடிப்படியின் கடைசிப் படியில், நிழலில், முகம் முழுக்க வெள்ளையாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது மறைக்க என்ன இருக்கிறது? அங்கிருந்தபடியே கத்துவார். மேடம், மூடியை இறுக்குங்க! மேடம், அந்தக் குழாயை இப்படித் தள்ளுங்க! டவுட் மேடம் ஒவ்வொரு குழாயையும் புதுப் பஞ்சால் துடைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தேகம் கேட்பார். ஒரு நாளாவது சும்மா துடைக்க மாட்டீங்களா என்று கெமிஸ்ட் எரிந்து விழுந்தார். சும்மா துடைச்ச கதைதான் தெரியுமே சார், என்றார் மேடம். 

இந்தத் தடவை தண்ணீர் வெளுத்தது. கண் முன்னாலேயே வெளுத்தது. ஆனால் வெயில் பழைய வெயில் இல்லை. காலையில் அடிக்கும், மத்தியானம் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கெமிஸ்ட் படியில் உட்கார்ந்தபடி வானத்தைத் திட்டினார். போன மாதத்து வெயில் இருந்திருந்தால், என்று ஆரம்பிப்பார். போன மாதத்து வெயிலை யார் தடுத்தது என்று நினைவு வந்ததும் நிறுத்திவிடுவார்.

நாள் முடிந்தது. எல்லாக் குழாயும் ஒரே மாதிரி, எல்லாக் குழாயிலும் நிறம் பாதி போயிருந்தது. தாள் சுற்றியவை மட்டும் ஏரியிலிருந்து வந்தபடியே இருந்தன. வெயில்தான் செய்தது என்பதில் இனி ஒரு சந்தேகமும் இல்லை. டவுட் மேடத்துக்கே இல்லை. ஆனால் பாதிதான். கண்ணாடி மாதிரி இல்லை, லைட் டீ மாதிரி.

“நீங்க சொன்னதுல பாதிதான் நடந்திருக்கு” என்றார் சீஃப், அடுத்த கூட்டத்தில்.

“ஆமா சார், பாதிதான்.”

தலைவி அம்மா சிரிக்காமல் கேட்டுவிட்டு முடிவைச் சொன்னார். பாதி வேலையை வெயில் செய்யட்டும். மீதிக்கு மருந்து போட வேண்டும், மருந்துத் தொட்டிக்கு இடம் வேண்டும். அதனால் குளத்தில் பாதியை மூடுங்கள், பாதியை விட்டுவிடுங்கள். குடோன் வேண்டாம். சீஃப்புக்கு முகம் தொங்கிவிட்டது. கெமிஸ்டுக்குத் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

லாரிகள் வந்த அன்றைக்கு மனைவி ஆஸ்பத்திரி முடிந்து ஸ்கூட்டரில் நிலையத்துக்கே வந்துவிட்டாள். இருவரும் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றார்கள். குளத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் மண் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பழுப்புத் தண்ணீர் வெயிலில் பேசாமல் கிடந்தது. ஒவ்வொரு லாரி கவிழ்க்கும்போதும் கெமிஸ்டின் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது.  

“இந்தப் பாதிக் குளத்துக்கு நான்தான் காரணம்” என்றார்.

மனைவி மண் விழுகிற பக்கத்தையும் பார்த்தாள், தண்ணீர் கிடக்கிற பக்கத்தையும் பார்த்தாள்.

“எந்தப் பாதிக்கு?”

 இன்னொரு லாரி வந்து கவிழ்த்துவிட்டுப் போயிற்று.

“ரெண்டுக்கும்தான்” என்றார்.